கால் எலும்பு முறிந்தால்: நாட்டுக் கட்டா, மாவுக்கட்டா, ராடா?

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், தடவிப் பார்த்தால் தோலுக்கு அடியிலேயே தட்டுப்படுகிற பெரிய எலும்பு இருக்கிறதல்லவா, டூவீலர் விபத்துகளில் அடிக்கடி முறிவது அதுதான். எக்ஸ்ரே கைக்கு வந்த அரை மணி நேரத்தில் குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிடும். "ஆபரேஷன்லாம் வேணாம், புத்தூர் போய்க் கட்டிட்டு வந்துடலாம்" என்று பெரியப்பா சொல்வார். "இன்னும் எந்தக் காலத்துல இருக்கீங்க" என்று மச்சான் எகிறுவார். மருத்துவர் "ராடு போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போயிருப்பார். வலியோடு படுத்திருப்பவரிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

நான் அரக்கோணம் பக்கம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். இங்கிருந்து ரேணிகுண்டா போகும் ரயிலில் ஏறினால் திருத்தணி தாண்டி, நாட்டுக் கட்டுக்குப் பேர்போன புத்தூர் வந்துவிடும். அதனால் நாட்டுக் கட்டுப் போட்டவர்கள், மாவுக்கட்டுப் போட்டவர்கள், எலும்புக்குள் ராடு, அதாவது உலோகத் தண்டு, வைத்தவர்கள் என்று மூன்று தரப்பும் கடைசியில் நடக்கப் பழக என்னிடம் வருகிறார்கள். எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பதை அந்த இடத்திலிருந்து எழுதுகிறேன். குழந்தைகளுக்கும், வழுக்கி விழுந்து இடுப்பை ஒட்டி முறிகிற வயதானவர்களுக்கும் கணக்கே வேறு. இங்கே பேசுவது பெரியவர்களின் கீழ்க்கால் எலும்பு நடுவில் முறிவதைப் பற்றி.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். எலும்பை ஒட்டவைப்பது மூலிகையும் இல்லை, மாவும் இல்லை, இரும்பும் இல்லை. முறிந்த இடத்தில் ரத்தம் கட்டுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் அங்கே மெத்தென்ற ஒரு திசு வளர்கிறது. அது மெல்ல மெல்லச் சுண்ணாம்புச் சத்தை ஏற்றிக்கொண்டு கெட்டியாகிறது. கீழ்க்கால் எலும்பு நன்றாகச் சேர நான்கு முதல் ஆறு மாதம்கூட ஆகும். அந்த வேலையை உடம்பு தானே செய்கிறது. அதனால்தான் மூன்று வழியிலும் "எனக்கு நல்லா கூடிடுச்சு" என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. நேராகச் சேருமா? நீளம் குறையாமல் சேருமா? பாதம் திரும்பிக்கொள்ளாமல் சேருமா? சேர்ந்து முடிக்கும்போது முழங்காலும் கணுக்காலும் மடங்குமா? மூன்று வழிகளையும் இந்தக் கேள்விகளை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

எந்தக் கட்டு என்று யோசிக்கவே கூடாத சில நிலைமைகள் இருக்கின்றன. முறிந்த இடத்தில் தோல் கிழிந்து ரத்தம் வருகிறதா? சின்னக் காயமாகத் தெரிந்தாலும் எலும்பு உள்ளிருந்து குத்திக் கிழித்ததாக இருக்கலாம். அப்படியானால் அழுக்கும் கிருமியும் எலும்பு வரைக்கும் போயிருக்கும். கழுவிச் சுத்தம் செய்ய ஆபரேஷன் தியேட்டர் வேண்டும், ஆன்டிபயாடிக்கும் டெட்டனஸ் ஊசியும் தாமதமில்லாமல் வேண்டும். அந்தக் காயத்தின் மேல் எந்தப் பச்சிலையையும் வைக்கக் கூடாது. கோவை கங்கா மருத்துவமனை மருத்துவர்கள், இப்படிப் பட்ட காலைக் காப்பாற்ற முடியுமா, எடுக்க வேண்டுமா என்று தீர்மானிக்க ஒரு மதிப்பெண் முறையையே உருவாக்கினார்கள். 2006இல் வெளியான அந்த முறையில் 14 வரை மதிப்பெண் வந்தால் காலைக் காப்பாற்றலாம் என்றும், 17ஓ அதற்கு மேலோ வந்தால் பெரும்பாலும் எடுக்க வேண்டிவரும் என்றும் வகுத்திருக்கிறார்கள். தோல் கிழிந்த முறிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது, தோல் கிழியாமலே வருகிற ஆபத்து. கெண்டைக்கால் தசைகள் விரிந்து கொடுக்காத உறைகளுக்குள் இருக்கின்றன. உள்ளே ரத்தம் கசிந்து வீங்கினால் அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் நின்று, தசை சாகத் தொடங்கும். இதற்குச் சில மணி நேரமே போதும். அடிபட்டவரின் கால் கட்டைவிரலை நீங்கள் லேசாக மேலே தூக்கிப் பாருங்கள். கெண்டைக்காலில் உயிர் போகிற மாதிரி வலித்தால், வலி மாத்திரைக்கும் அது அடங்காவிட்டால், பாதம் மரத்துப்போனால், எதற்கும் காத்திருக்கக் கூடாது. பாதம் ஜில்லிட்டுப் போகிற வரை பார்த்துக்கொண்டிருந்தால் காலம் கடந்துவிடும். ஏற்கெனவே கட்டுப் போட்டிருந்தால், அது எந்தக் கட்டாக இருந்தாலும், உடனே தளர்த்த வேண்டும். 108ஐக் கூப்பிடுங்கள். சாலை விபத்து என்றால், தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சேர்ந்திருக்கிற தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உங்கள் பணம் கேட்கக் கூடாது.

மூட்டுக்குள் ஓடுகிற முறிவும் இந்தப் பட்டியலில்தான் சேரும். முழங்கால் தளமோ கணுக்கால் கிண்ணமோ உடைந்திருந்தால் அதைச் சமமாகப் பொருத்தியாக வேண்டும். பெரும்பாலும் அதற்கு ஆபரேஷன்தான்.

இந்த மூன்றும் இல்லை, தோல் கிழியாமல் எலும்பு நடுவில் முறிந்திருக்கிறது, பாதத்தில் ரத்த ஓட்டமும் உணர்வும் சரியாக இருக்கின்றன என்றால், அப்புறம்தான் எது நல்லது என்ற பேச்சுக்கே இடம்.

நாட்டுக் கட்டில் இருந்து தொடங்குகிறேன். ஆந்திராவின் புத்தூர் அருகே ஒரு ராஜு குடும்பம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய வைத்தியம் அது. முறிந்த இடத்தை உருவி நேராக்கி, பச்சிலை விழுது, முட்டையின் வெள்ளைக்கரு, துணி, மேலே மூங்கில் தப்பை என்று வைத்துக் கட்டுவார்கள். கன்னியாகுமரிப் பக்கம் வர்ம ஆசான்கள் கட்டுவதும், உளுந்து மாவு வைத்துக் கட்டுகிற ஊர் வைத்தியர்கள் கட்டுவதும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். முட்டை வெள்ளைக்கரு காய்ந்தால் துணி விறைத்துப்போகும். தப்பை பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். அசையாமல் பிடித்துவைப்பது என்ற அளவில் இதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. நவீன எலும்பு மருத்துவமும் சிம்பு வைத்துக் கட்டுவதில் தொடங்கியதுதான். கட்டுப் போடுபவர்களின் விரல்களுக்கு எலும்பின் விலகலைத் தடவிக் கண்டுபிடிக்கிற பழக்கம் உண்டு, அதை நான் மதிக்கிறேன். மலிவு, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம், மயக்க மருந்து பயம் இல்லை. கிராமத்து மக்கள் ஏன் போகிறார்கள் என்பதில் புரியாத மர்மம் ஒன்றும் இல்லை.

இதில் பிரச்சினைகள் எங்கே வருகின்றன என்றால், முதலாவது இறுக்கம். அடிபட்ட கால் முதல் இரண்டு மூன்று நாள் வீங்கிக்கொண்டே போகும். இன்று சரியாக இருக்கிற கட்டு நாளை காலையில் இறுக்கும். மருத்துவமனையில் அதனால்தான் முதலில் காலின் ஒரு பக்கம் மட்டும் மாவுப் பலகை வைத்து, வீக்கம் வடிந்த பிறகு முழுக் கட்டுப் போடுகிறார்கள். நாட்டுக் கட்டைப் போட்டுக்கொண்டு ரயிலேறி வீட்டுக்கு வந்துவிட்டவரின் விரல்களை ராத்திரி இரண்டு மணிக்கு யார் பார்ப்பது?

இரண்டாவது, கண். உருவி நேராக்கியது உண்மையிலேயே நேராக இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். சிலர் எடுக்கச் சொல்கிறார்கள், பலர் சொல்வதில்லை. ஊருக்கு ஊர் 'புத்தூர் கட்டு' என்று போர்டு தொங்குகிறது. அவர்களில் யார் எங்கே கற்றார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

மூன்றாவது நான் தினமும் பார்ப்பது. ஒரு கொத்தனார் அண்ணன் வந்தார். அவர் ஊர்ப் பக்கத்து வைத்தியர் ஒருவரிடம் கட்டிக்கொண்டவர். எலும்பு சேர்ந்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. தட்டினாலும் வலி இல்லை. ஆனால் இரண்டு முழங்கால் சிரட்டைகளும் மேலே பார்க்கும்படி படுக்கவைத்தால், அடிபட்ட காலின் பாதம் மட்டும் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. கணுக்கால் மேல்நோக்கி மடங்கவே இல்லை. நிற்கும்போது குதிகால் தரையைத் தொடவில்லை. "சாரத்துல ஏற முடியல சார், பலகையில கால் நிக்க மாட்டேங்குது" என்றார். கணுக்காலைப் பயிற்சியால் ஓரளவு மீட்டோம். பாதம் திரும்பியதைப் பயிற்சியால் ஒன்றும் செய்ய முடியாது. எலும்பை மறுபடி வெட்டி நேராக்க வேண்டும். அவர் அதற்குத் தயாராக இல்லை, இப்போது தரையில் நின்று செய்கிற வேலைக்கு மட்டும் போகிறார்.

அதனால் என் கருத்து இது: எலும்பு விலகாமல் கீறல் மட்டும் விழுந்திருக்கிறது என்று எக்ஸ்ரே காட்டி, எலும்பு மருத்துவரும் அதை உறுதிசெய்திருந்தால், நாட்டுக் கட்டுப் போட்டாலும் எலும்பு பெரும்பாலும் ஒழுங்காகச் சேரும். ஆனால் அதே முறிவுக்கு மாவுக்கட்டு அதைவிடப் பாதுகாப்பு, அரசு மருத்துவமனையில் இலவசம். விலகிய முறிவுக்கு நாட்டுக் கட்டை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எந்த நிலையிலும் சொல்ல மாட்டேன். கட்டுக்குள் புண் வந்தாலும் அவர்களில் பலருக்குத் தெரியாது.

அடுத்தது மாவுக்கட்டு. 1850களில் டச்சு ராணுவ மருத்துவர் மத்தெய்சன் துணியில் ஜிப்சம் மாவைத் தேய்த்து நனைத்துச் சுற்றுகிற முறையைக் கொண்டுவந்தார். அடிப்படை இன்றும் அதேதான். இப்போது ஃபைபர் கட்டும் இருக்கிறது, எடை குறைவு, விலை அதிகம். வீக்கம் இருக்கிற முதல் கட்டத்துக்குப் பழைய மாவே நல்லது, காலின் வடிவத்துக்கு அழகாகப் படியும்.

மாவுக்கட்டின் பெரிய நன்மை, உடம்பைத் திறக்க வேண்டாம். கிருமி உள்ளே போக வழியே இல்லை. எலும்பு கொஞ்சம் விலகியிருந்தால் மயக்க மருந்து கொடுத்து இழுத்து நேராக்கிக் கட்டுவார்கள். எவ்வளவு கோணல்வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது: பக்கவாட்டில் சுமார் 5 டிகிரி, முன்பின்னாக 10 டிகிரி, நீளத்தில் ஒரு சென்டிமீட்டர். இதற்குள் நின்றால் நடையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஆனால் மாவுக்கட்டு பொறுமையைக் கேட்கிற வழி. முதலில் தொடையிலிருந்து விரல்வரை நீளக் கட்டு. வீக்கம் வடிந்ததும் கட்டு தளர்ந்து, உள்ளே எலும்பு நகரலாம். ஆகவே முதல் மூன்று வாரமும் வாரம் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். "கட்டுப் போட்டாச்சு, ஆறு வாரம் கழிச்சு வாங்க" என்று யாராவது சொன்னால், விலகிய முறிவுக்கு அது போதாது. நீங்களே கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: பெரிய எலும்பு முறிந்து, பக்கத்தில் இருக்கிற மெல்லிய எலும்பு முறியாமல் இருந்தால் வீட்டில் எல்லோரும் "நல்லவேளை, ஒண்ணாவது தப்பிச்சுது" என்பார்கள். உண்மையில் முறியாத அந்த எலும்பு முட்டுக்கொடுத்து நிற்பதால், பெரிய எலும்பு கட்டுக்குள்ளேயே மெல்ல உள்பக்கமாக வளையப் பார்க்கும். அப்படிப்பட்டவர்கள் மாவுக்கட்டைத் தேர்ந்தெடுத்தால் எக்ஸ்ரேவைத் தவறவிடவே கூடாது.

நீளக் கட்டோடு மாதக்கணக்கில் இருந்தால் முழங்கால் இறுகும், தொடை தசை இளைக்கும். இதற்கு ஒரு நல்ல தீர்வை அமெரிக்காவில் அகஸ்டோ சர்மியென்டோ என்ற மருத்துவர் 1960களில் கொடுத்தார். சில வாரம் கழித்து முழங்காலுக்குக் கீழே மட்டும் பிடிக்கிற கட்டாகவோ பிரேஸாகவோ மாற்றி, காலை ஊன்றி நடக்கவிடுவது. கெண்டைக்கால் தசைகளைச் சுற்றி இறுகப் பிடித்தால் நடக்கும்போதும் எலும்பு நிலையாக நிற்கும், சேரவும் செய்யும் என்று காட்டினார். நம் மருத்துவமனைகளிலும் இதைச் செய்கிறார்கள். "கட்டை எப்போ முழங்காலுக்குக் கீழ மாத்துவீங்க?" என்று முதல் நாளே கேட்டுவையுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிற மருத்துவர் உங்கள் முழங்காலைப் பற்றியும் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

மூன்றாவது ராடு. எலும்பின் நடுவே மஜ்ஜை இருக்கிற குழாய் வழியாக நீளமான உலோகத் தண்டைச் செருகுவது. ஜெர்மனியின் கீல் நகரில் கூன்ட்ஷர் என்ற மருத்துவர் 1939இல் தொடை எலும்புக்கு இதை முதலில் செய்தார். பிறகு மேலேயும் கீழேயும் குறுக்காக ஸ்க்ரூ போட்டுப் பூட்டுகிற முறை வந்தது. அதனால் எலும்பு நீளம் குறையாது, திரும்பிக்கொள்ளவும் முடியாது. முழங்காலுக்குக் கீழே சின்னதாக ஒரு கீறல், ஸ்க்ரூவுக்காக ஓரிரு கீறல்கள், அவ்வளவுதான் வெளியே தெரியும். முறிந்த இடத்தைத் திறப்பதில்லை, அங்கே வளரத் தொடங்கிய திசு கலையாது. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும் ஊசியிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும்.

ராடின் உண்மையான லாபம், முழங்காலையும் கணுக்காலையும் மறுநாளே அசைக்கலாம் என்பது. குறுக்காக முறிந்த எலும்பாக இருந்தால் பலருக்கும் சில நாளிலேயே வாக்கரோடு காலை ஊன்றச் சொல்கிறார்கள். நொறுங்கியிருந்தாலோ சுழன்று முறிந்திருந்தாலோ மருத்துவர் சொல்கிற வரை பொறுக்க வேண்டும். விலகிய முறிவுகளில் மாவுக்கட்டைவிடச் சில வாரம் முன்னதாகவே எலும்பு சேர்ந்ததாகவும் ஆய்வுகள் இருக்கின்றன. இப்படி வருகிறவர்களோடு வேலை செய்வது எனக்குச் சுலபம், உள்ளபடியே சொல்கிறேன். மூட்டு இறுகாமல் வருகிறார்கள். நான் தசையை மட்டும் பார்த்தால் போதும்.

விலை என்ன என்றால், பணம் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு ஆழத்தில் கிருமித் தொற்று வரலாம், வந்தால் அது நீண்ட போராட்டம். அதைவிடச் சாதாரணமாக நான் பார்ப்பது முழங்கால் முன்பக்க வலி. ராடு போட்டவர்களில் பலருக்கும் மண்டியிடும்போது, சம்மணம் போட்டு எழும்போது முழங்காலுக்குக் கீழே குத்தும். தொழுகைக்கு மண்டியிடுபவர்கள், பூ கட்டுபவர்கள், டைல்ஸ் போடுபவர்கள் எல்லாம் இதை ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். எனக்குத் தெரிந்து பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. பிறகு ராடை எடுத்தால் சிலருக்கு வலி போகிறது, சிலருக்குப் போவதில்லை.

பிளேட் என்பது எலும்பின் மேல் ஸ்க்ரூ போட்டுப் பொருத்துகிற உலோகத் தகடு, மூட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் முறிந்தால் வைப்பது. ராடுக்கு அங்கே பிடிமானம் போதாது. வெளியே கம்பி தெரிகிற மாதிரிப் போடுகிற ஃபிக்ஸேட்டர் பெரும்பாலும் தோல் கிழிந்த முறிவுக்குத்தான். இரண்டும் நீங்கள் தேர்ந்தெடுக்கிற விஷயம் இல்லை, எலும்பே தேர்ந்தெடுத்துவிடும். டைட்டானியமா ஸ்டீலா என்று கேட்பார்கள். இரண்டிலும் எலும்பு சேரும்; கையில் பணம் குறைவென்றால் ஸ்டீலுக்காகக் கவலைப்படாதீர்கள்.

சரி, விலகிய ஆனால் தோல் கிழியாத நடு முறிவு, மாவுக்கட்டும் முடியும், ராடும் முடியும் என்று மருத்துவரே சொல்கிறார். எதை எடுப்பது? இங்கேதான் எக்ஸ்ரேவை வைத்துவிட்டு ஆளைப் பார்க்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர், ஆட்டோ ஓட்டுபவர், நாள் முழுக்க நின்று விற்கிற கடைக்காரர் என்றால் நான் ராடு பக்கம்தான். மாவுக்கட்டு மலிவு என்று நினைப்போம். அவர்களுக்குச் சம்பாத்தியம் நிற்கிற ஒவ்வொரு மாதமும் ஆபரேஷன் செலவைத் துரத்திப் பிடித்துவிடும். உட்கார்ந்து செய்கிற வேலை, வீட்டிலிருந்தே பார்க்க முடியும், வாரா வாரம் எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப்போக ஆள் இருக்கிறது என்றால் மாவுக்கட்டு நேர்மையான தேர்வு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், இதயத்துக்கு மருந்து சாப்பிடுபவர், காலில் ஏற்கெனவே புண் உள்ளவர் என்றால் ஆபரேஷனுக்கு முன் இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். மாவுக்கட்டில் தொடங்கி, இரண்டாவது வார எக்ஸ்ரேயில் விலகியது தெரிந்தால் அப்போது ராடுக்கு மாறலாம் என்பதையும் மறக்க வேண்டாம். முதல் நாளே எல்லாம் முடிவாகிவிடுவதில்லை.

பணத்தைப் பற்றி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ராடு ஆபரேஷன் தினமும் நடக்கிறது. செய்கிறவர்களுக்கு அனுபவத்தில் குறைவே இல்லை. குறை எல்லாம் காத்திருப்பதிலும் கூட்டத்திலும்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அதாவது குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால், அங்கீகரித்த தனியார் மருத்துவமனையிலும் செய்துகொள்ளலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை வரம்பு. ஆனால் அங்கே எலும்பு சிகிச்சைக்கு அங்கீகாரம் உண்டா, எந்த உலோகம், வெளியே எதற்காவது பணம் கேட்பார்களா என்று சேர்வதற்கு முன் காப்பீட்டு மேசையில் கேளுங்கள்.

இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு உள்ளவர்கள் வேலையில் அடிபட்டாலோ வேலைக்குப் போகிற வழியில் விபத்து நடந்தாலோ அது வேலைக் காயமாகவே கருதப்படலாம். அப்படியானால் எழுந்து வேலைக்குப் போகும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். சாதாரண நோய்க்கான உதவி 70 சதவீதம்தான். எந்தக் கணக்கில் பதிவாகிறது என்று கவனமாகப் பாருங்கள். இங்கே நாட்டுக் கட்டுக்கு ஒரு பெரிய பாதகம் இருக்கிறது. மருத்துவமனைக்குப் போகாமல் நேரே கட்டுப் போடப் போனால் விபத்துப் பதிவேட்டில் பெயர் இருக்காது, எக்ஸ்ரே இருக்காது, டிஸ்சார்ஜ் சம்மரி இருக்காது. நாளைக்கு மோட்டார் வாகன விபத்து நஷ்டஈடு கேட்டு நீதிமன்றத்தில் நிற்கும்போது எதை வைத்துப் பேசுவது? கடைசியில் எங்கே கட்டிக்கொள்வதாக இருந்தாலும் முதலில் அரசு மருத்துவமனையில் பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

முடிவெடுக்கும்போது வீட்டையும் கணக்கில் எடுங்கள். நான் முதலில் கேட்பது கழிப்பறையைப் பற்றித்தான். நீளக் கட்டோடு இந்திய முறைக் கழிப்பறையில் உட்காரவே முடியாது. ராடு போட்டவர்களுக்கும் முதல் சில வாரம் ஆகாது. நடுவில் துளை வைத்த கமோடு நாற்காலி மருந்துக் கடைகளிலும் மருத்துவ உபகரணக் கடைகளிலும் கிடைக்கும், வாடகைக்குத் தருபவர்களும் உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். வீட்டுப் பெண்களுக்கு அடிபட்டால் இது இன்னும் முக்கியம். கழிப்பறைக்குப் போக ஆளைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். படுத்தபடியே இருக்கிற உடம்புக்கு அது நல்லதில்லை. மாடி வீடாக இருந்தால் கீழே படுக்கை போட முடியுமா என்று பாருங்கள். படி ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில். ஊன்றுகோலின் மேல்பகுதி அக்குளுக்கு இரண்டு மூன்று விரல் கீழே இருக்க வேண்டும். உடம்பு எடையை உள்ளங்கையில் தாங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் கை நரம்பு மரத்துப்போகும்.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் ஆட்டுக்கால் சூப்பையே சொல்வார்கள். குடியுங்கள், தெம்பாக இருக்கும், ஆனால் அதில் கால்சியம் அதிகம் இறங்குவதில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. முட்டை, மீன், பருப்பு, பால் தினமும் இருந்தால் போதும். பிரண்டைத் துவையல் தாராளமாகச் சாப்பிடலாம், அதையே மருந்தாக நம்பிக் கட்டை அவிழ்க்காதீர்கள். சூப்பைவிட முக்கியமானது சிகரெட், பீடி. புகை எலும்பு சேர்வதைத் தள்ளிப்போடும் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிறுத்தியவர் வீட்டுக்கு வந்ததும் மறுபடி தொடங்குவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

எந்த வழியில் போனாலும் பயிற்சி முதல் வாரத்திலேயே தொடங்குகிறது. கட்டுக்குள் இருக்கும்போதே தொடை தசையை இறுக்கித் தளர்த்துங்கள். விரல்களை ஆட்டுங்கள். கணுக்கால் வெளியே இருந்தால் அதை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அதுவும் உதவும். வாரத்துக்கு ஆறு நாள் என்னிடம் வர முடியாதவர்கள், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். "வலிக்குது சார், அப்புறம் மடக்குறேன்" என்று தள்ளிப்போடுபவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: இன்றைக்கு மடங்குகிற கோணம் அடுத்த மாதமும் அப்படியே இருக்கும் என்று யார் சொன்னது?

நான்காவது மாதத்துக்குப் பிறகும் காலை ஊன்றினால் முறிந்த இடத்திலேயே வலிக்கிறது, எக்ஸ்ரேயில் முறிந்த இடைவெளியில் புது எலும்பு பாலம்போல் வளர்ந்து சேரவில்லை என்றால், அப்போது இன்னொரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். கீழ்க்கால் எலும்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் தசைப் போர்வை குறைவு, ரத்தமும் குறைவாகத்தான் வரும்; அங்கே முறிந்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிகம் நடக்கும். மாவுக்கட்டில் இருந்தவர் ராடுக்கு மாறுவது, ராடு போட்டவருக்கு அதைவிடத் தடித்த ராடாக மாற்றுவது, இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அங்கே வைப்பது என்று வழிகள் இருக்கின்றன. ஆறாவது மாதம்வரை "தானா சரியாயிடும்" என்று பேசாமல் இருக்காமல், நான்காவது மாத எக்ஸ்ரேவை எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். பழைய எக்ஸ்ரேக்களையும், முதல் நாளில் எடுத்தது உட்பட, ஒரே உறையில் போட்டுக் கொண்டுபோங்கள்.